கறுப்பில் சேர்த்த பொன்னுரங்கம்

சுப்புராயன் என் அப்பா. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க நினைப்பவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேளுங்கள். கல்மண்டபத்தில் சொல்ல ஆளிருக்கிறது. நான் எழுதப்போவது அவருடைய கூட்டாளி பொன்னுரங்கத்தைப் பற்றி. அப்பா கண்மூடிய பிறகு என் அம்மா மங்கை ஒன்றுவிடாமல் சொன்னது இது.

பொன்னுரங்கம், அப்பா, துரை மூவரும் கத்திவாக்கத்தில் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள். 1941இல் திருவொற்றியூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது மூவரும் ஒன்றாகப் போய்க் கைநாட்டு வைத்தார்கள். கப்பல் சிங்கப்பூரில் இறக்கிவிட்டது. சில மாதத்தில் வெள்ளைக்காரன் ஜப்பான்காரனிடம் சரணடைந்தான், இவர்கள் கைதிகள். வெள்ளைக்காரனை விரட்டக் கிளம்பிய இந்திய தேசிய ராணுவம் அந்தக் கைதிகளிடம் ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் துரை. அடுத்தது அப்பா. பொன்னுரங்கம் ஒரு வாரம் யோசித்தார். "கூட வந்தவனுங்கள வுட்டுட்டு நான் மட்டும் இன்னா பண்றது" என்று கடைசியாகத்தான் சேர்ந்தார். இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்.

துரை பர்மாவில் செத்தான். குண்டடிபட்டுச் செத்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அவனைக் கொன்றது பேதி. ஐராவதி ஆற்றுப் பக்கம், பின்வாங்கி வரும் வழியில், மூன்று நாள் பொன்னுரங்கம் அவனை முதுகில் சுமந்தார். நாலாம் நாள் ஆற்றுமணலைக் கையால் தோண்டிப் புதைத்தார். அப்பா இரண்டு துப்பாக்கிகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

போர் முடிந்ததும் கல்கத்தா பக்கம் ஒரு முகாமில் வைத்து விசாரித்தார்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ஆட்களை மூன்றாகப் பிரித்தார்கள். மிரட்டலுக்குப் பயந்து சேர்ந்தேன் என்றால் வெள்ளை. சர்க்கார் மறுபடியும் ஏற்றுக்கொள்ளும். ஏமாந்து சேர்ந்தேன் என்றால் சாம்பல். மனசாரச் சேர்ந்தேன் என்றால் கறுப்பு. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கல்யாணமாகி ஆறே மாதத்தில் விட்டுவந்த பெண்டாட்டியை நினைத்து அப்பா அழுதிருக்கிறார். பொன்னுரங்கம்தான் வழி சொன்னார்.

"எம்மேல போட்டுடு மாமு. பொன்னுரங்கம்தான் ஜப்பான்காரன்கிட்ட போட்டுக்குடுத்துடுவேன்னு மெரட்டி சேத்தான்னு சொல்லு. நான் பொய் சொல்லப் போறதில்ல, எப்புடியும் கறுப்புதான். எனக்கு இன்னா, கடல் கீது."

"ஊர்ல தெரிஞ்சா?"

"வெள்ளக்காரன் போவட்டும். அப்பால நீயே ஊர்ல நெசத்த சொல்லிடு."

அப்பா சத்தியம் செய்தார். உள்ளே போய், பொன்னுரங்கம் சொல்லித்தராத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: என்னையும் துரையையும் சேர்த்து மிரட்டினான் என்று. இரண்டு பேர் என்றால் சுலபமாக நம்புவார்கள் என்று நினைத்தாராம்.

வெள்ளையானவர்கள் முதலில் ஊர் திரும்பினார்கள். அப்பா குப்பத்தில் கால் வைத்ததும் துரையின் அம்மா அங்கம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள எப்டிடா அந்தப் படைக்குப் போனான்?" விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் பக்கத்திலேயே நின்றார். அப்பா முகாமில் சொன்னதையே இங்கேயும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் பொன்னுரங்கம் வந்தபோது குப்பமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூட வந்தவனைக் காவு கொடுத்தவனோடு யார் கட்டுமரம் ஏறுவார்கள்? ஆழ்கடலுக்குப் போன மனுஷன் எண்ணூர் உப்பங்கழியில் இடுப்பளவு சேற்றில் தனியாக இறால் தடவினார். அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே பார்க்கும்போதெல்லாம் அங்கம்மா மண்ணை வாரித் தூற்றினார். அதுதான் அவரை அரித்தது. வெள்ளை என்று முகாமில் எழுதிய காகிதத்தால் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வாசல் காவல் வேலை கிடைத்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு கல்மண்டபத்துக்குக் குடிவந்துவிட்டார்.

சுதந்திரம் வந்தது. பொன்னுரங்கத்துக்கு அது அங்கம்மா உண்மையைத் தெரிந்துகொள்ளப்போகும் நாள். அதற்காகத்தான் ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். குப்பத்தில் கொடியேற்ற அப்பாவைக் கூப்பிட்டார்கள், அந்தப் படையில் இருந்தவர் என்று மாலை போட்டார்கள். மிரட்டிச் சேர்க்கப்பட்டவருக்கு மாலை எதற்கு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. கொடி ஏறியதும் பொன்னுரங்கம் பஞ்சாயத்தார் முன்னால் வந்து நின்றார்.

"இப்ப சொல்லு மாமு. வெள்ளக்காரன் பூட்டான்."

வெள்ளைக்காரன் போனான், அவன் எழுதிவைத்த காகிதம் எங்கே போனது? கறுப்பானவர்களைப் புது சர்க்காரும் சேர்த்துக்கொள்ளாது என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். பொய் வாக்குமூலம் என்று வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று அப்பாவுக்கு உதறல்.

"அன்னிக்கு சொன்னதுதான் நெசம்" என்றார் அப்பா.

பொன்னுரங்கம் அங்கம்மா பக்கம் திரும்பினார். "அத்தே, துரைதான் மொதல்ல கை தூக்குனான். நான் கடைசியாதான்..."

"செத்தவன் மேலயே போடுறியா? அவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான்னு தைரியமா?"

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாதாடவில்லை.

1955இல் அங்கம்மா இறந்தார். மகன் இடத்தில் நின்று அப்பா கொள்ளி வைத்தார். பொன்னுரங்கத்தைச் சுடுகாட்டுப் பக்கமே விடவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய காகிதத்தை இனி யாரும் தேடப்போவதில்லை, அங்கம்மாவும் இல்லை, இனி யார் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்? தைரியம் வந்துவிட்டது.

"நாளைக்கே குப்பத்துல சொல்லிடறேன் மாமு. எல்லார் முன்னாலயும்."

"இனிமே சொல்லாத" என்றார் பொன்னுரங்கம். "அத சொல்லத்தான் வந்தேன். நீ தம்புள்ள மாதிரின்னு நம்பி, உங்கையால கொள்ளி வாங்கிகினு போச்சு அந்தம்மா. இப்ப நீ வாயத் தொறந்தா அந்தக் கொள்ளியும் பொய்யாப் பூடும். அந்தம்மாவுக்கு வேற யாரு கீறாங்க?"

சொல்லமாட்டேன் என்று அப்பா கையடித்துக் கொடுத்தார். அம்மா நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் பொன்னுரங்கம் போய்விட்டார். அம்மாவுக்கு அன்றுதான் விஷயம் தெரிந்தது. அப்பாவைப் பிடித்து உலுக்கி மீதியையும் கேட்டு வாங்கினாள்.

அப்பா அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். பொன்னுரங்கத்துக்குக் கொடுத்த வாக்குகளில் அந்த ஒன்றை மட்டும் சாகும்வரை காப்பாற்றினார்.