கழுவிய மருந்துக் கேன்

பூச்சிமருந்து தயாரிக்கும் ஆலையொன்றில் விபத்துகளை முன்கூட்டியே கணிப்பது என் வேலை. நடக்கக்கூடாத ஒன்றை முதலில் காகிதத்தின் உச்சியில் எழுதுவோம்: விஷவாயு கசிவு, தொட்டி வெடிப்பு, இப்படி. அது எதனால் நடக்கலாம், அந்தக் காரணத்துக்கு எது காரணம் என்று கோடுகள் கீழே பிரிந்துகொண்டே போகும். வால்வு பழுதாகலாம், அலாரம் அடிக்காமல் போகலாம், அடித்தும் ஆள் கவனிக்காமல் விடலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால், எங்கே முதலில் அடைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. போன வருடம் மழை விட்டதும், என் பிரிவிலேயே வேலை பார்க்கும் தோழியைப் போடிக்கு அழைத்துவந்தேன். குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தை அவளுக்குக் காட்ட ஆசை. தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அவருடைய ஜீப்பிலேயே ஏறிப் போனோம்.

அன்று காலையில் மருந்தடிப்பு முடிந்திருந்தது. மருந்து கலக்கும் அக்கா கொட்டகை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே எங்கள் தோட்டத்தில் இருப்பவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஒரு நீலக் கேனிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தோழியிடம் நீட்டினார்.

தோழி தம்ளரை வாங்கிக்கொண்டு கேனைப் பார்த்தாள். லேபிளைக் கிழித்த தடம் அதில் அப்படியே இருந்தது.

"இது என்ன கேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

"புதுசுதான். தண்ணிக்குன்னே வாங்குனது."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அக்கா சிரித்தார்.

"இல்ல பாப்பா, மருந்து வந்த கேனு. நல்லா சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. வாடையே இருக்காது, குடிங்க."

தோழி தம்ளரைத் திண்டில் வைத்துவிட்டாள். காலிக் கேனில் ஓட்டை போடாமல் வெளியே விடக்கூடாது என்று எங்கள் ஆலையில் வகுப்பு எடுப்பவளே நான்தான். மருந்து பிளாஸ்டிக்கில் ஊறிவிடும், எத்தனை கழுவினாலும் முழுசாகப் போகாது என்று சொல்லிக்கொடுப்பவள்.

அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். "எல்லாத் தோட்டத்துலயும் இப்படித்தேன். விருந்தாளி முன்னாடி மானத்த வாங்காத."

நான் பொய் சொன்னதும் அதே மானத்துக்காகத்தான்.

கொட்டகை வாசலுக்குத் திரும்பி வந்தபோது தோழி மெதுவாகக் கேட்டாள்: "அவங்ககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நானே சொன்னேன். அந்தக் கேனில் தண்ணீர் வைத்துக் குடிக்கக்கூடாது, விஷம் கொஞ்சங் கொஞ்சமாக உடம்பில் சேரும் என்றேன். அக்கா கையிலிருந்த சோற்றை உதறினார். மருந்தடிக்கிற நாளில் கிறுகிறுப்பு வரும், வெறும் வயிற்றோடு வேலை செய்வதால்தான் என்று நினைத்திருந்தாராம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப, தெரிஞ்சுதான் புதுசுன்னு சொன்னியா?"

"ஆமாக்கா."

அவர் கேனைக் கவிழ்த்துவிட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டுக்கு இறங்கிப் போய் மற்ற கேன்களையும் தூக்கிக்கொண்டு வந்தார். அவரிடமே அரிவாளை வாங்கி நான் ஒவ்வொன்றாகக் குத்தி ஓட்டை போட்டேன். அண்ணன் ஜீப்பில் சாய்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் போடியில் புதுக் குடங்கள் வாங்கினோம். அக்காவை டாக்டரிடமும் கூட்டிப்போனேன். கிறுகிறுப்பு இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இனி மருந்துப் பக்கம் போக வேண்டாம் என்றார் டாக்டர். "காய் எடுக்குற சோலிக்கு மாத்திர்றேன்" என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். வழியெல்லாம் அக்கா தோழியிடம்தான் பேசினார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

ஆலைக்குத் திரும்பியதும், எங்கள் கணிப்பு ஆலை வாசலோடு நின்றுவிடக்கூடாது, கேன் போய்ச் சேரும் இடம்வரை போக வேண்டும் என்று கூட்டத்தில் தோழி பேசினாள். தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை.

"அது யார் தோட்டம்?" என்று மேலாளர் கேட்டார்.

தோழி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுத் தோட்டம்தான் சார்" என்றேன்.