மாமா என் பையில் வைத்தது

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஹோம்புஷில், எங்கள் சின்ன ஃபிளாட்டின் ஹோலில், அம்மாவின் தம்பியான மாமா சோபாவில் படுத்தெழும்பிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் அவரும் ஒரு பிரிட்டிஷ் தொடர் பார்ப்போம். அதில் இரண்டு சில்லறைத் திருடர்கள். எதைத் திருடப் போனாலும் சொதப்பிவிடுவார்கள். ஒரு தடவை அவர்கள் திருடிய வான் வண்டிக்குள் அதன் சொந்தக்காரரே உறங்கிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும். மீதியை நான் சொல்லிக்கொடுப்பேன். “பாவமடி, நல்ல கள்ளர்” என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பார். எனக்கும் அவர்கள் நல்லவர்களாகவே தெரிந்தார்கள்.

ஒருநாள் பள்ளி விட்டதும் மாமா என்னைச் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனார். காலைச் சாப்பாட்டுக்குப் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வெளியேறும்போது காவலாளி மறித்து, என் புத்தகப் பையைத் திறக்கச் சொன்னார். கொப்பிகளுக்கு நடுவே சவர பிளேடு பக்கெட் இரண்டு கிடந்தன. பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

“சின்னப் பிள்ளை, விளையாட்டுக்கு எடுத்திட்டுது” என்று மாமா ஆங்கிலத்தில் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்.

மனேஜர் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தார். முதியோர் இல்லத்து வேலைச் சீருடையோடே அம்மா ஓடி வந்தார். என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் தாயோடு வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் எடுக்கேல்லை அம்மா. மாமாதான் வைச்சவர்.”

அம்மா மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மனேஜரிட்டை மன்னிப்புக் கேட்டு சொறி சொல்லு.”

“நான் எடுக்கேல்லை.”

“சொல்லு எண்டு சொன்னனான்.”

சொன்னேன். பிள்ளைதானே, போலீஸ் வேண்டாம் என்று மனேஜர் பெரிய மனது பண்ணினார். மாமா அவருக்கு நன்றி சொன்னார்.

மறுநாள் வகுப்பில் அந்தத் தோழி தன் பென்சில் பெட்டியை எனக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள். வெள்ளிக்கிழமை மாமா, “வாடியம்மா, தொடங்கப் போகுது” என்று ஒன்றும் நடவாததுபோல் கூப்பிட்டார். நான் போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

“நீங்கதான் கள்ளன்.”

அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். மாமா வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவருடைய விசா அப்போது முடிவாகாமல் கிடந்தது என்பதும், போலீசில் ஒருமுறை பெயர் பதிந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வீடே பயந்துகொண்டிருந்தது என்பதும் பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. இன்று மாமா கெல்லிவில்லில் மாடி வீட்டுக்காரர். விருந்துகளில் என்னைக் காட்டி, “இவ சின்னதில பெரிய கள்ளி” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவருடைய பயத்தை என்னால் மன்னிக்க முடிகிறது. இந்தச் சிரிப்பை மன்னிக்க எனக்கு மனமில்லை.

அம்மா என்னை நம்பவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். அதற்காக எத்தனையோ நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அம்மா என் சொல்லை அப்படியே நம்பினார் என்பதும், நம்பிய பிறகுதான் என்னைச் சொறி சொல்லச் சொன்னார் என்பதும் பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.