பெயர் வெட்டிய தட்டு

கைப்பிடியில் மஞ்சள் துணிக் கிழிசல் ஒன்றை முடிச்சுப் போட்ட ஒரு புது இரும்புச் சட்டி. தாய்லாந்து என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். போய் வந்தவர்கள் பொன் பூசிய கோயில்களைச் சொல்வார்கள், கடற்கரைகளைச் சொல்வார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார்கள். நான் பார்த்துவிட்டு வந்தது ஒரு ஆற்றங்கரை வீட்டின் அடுப்படியில், மற்றச் சட்டிகளோடு சேராமல் தனி ஆணியில் தொங்கிய அந்தச் சட்டியைத்தான். அது எனக்காக வாங்கியது. என் வாழ்நாளில் எனக்கென்று ஒருவர் கடைக்குப் போய்ப் பாத்திரம் வாங்கி வந்தது அந்த ஒரு தடவைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி ஜங்ஷனில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். துபாய்க்கும் ஜித்தாவுக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டி எனக்கு உலகத்து ஊர்ப் பெயரெல்லாம் மனப்பாடம். நான் பார்த்த ஊரென்னவோ மதுரை வரைக்கும்தான். வாரநாட்களில் ஜங்ஷனிலேயே ஒரு மாடி அறை. சனிக்கிழமை சாயங்காலம் ஆழ்வார்திருநகரியில் அம்மாவிடம். ஜாதகம் எங்கேயும் பொருந்தாமல் இருபத்தொன்பது வயதாகியிருந்தது. மூன்று வேளையும் ஒரே மெஸ்ஸில், சுவரைப் பார்த்துப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்தச் சுவரில் எண்ணெய்க் கறை எங்கெங்கே இருந்தது என்று இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் சாம்பார் வாளியைத் தள்ளச் சொல்வார்கள், அவ்வளவுதான் பேச்சு. ஒரு விமானக் கம்பெனி அலுவலக ஆட்களுக்குச் சலுகை டிக்கெட் தந்தபோது, காயல்பட்டினத்துக்காரரான முதலாளி அதை என் மேஜையில் வைத்தார். "வே, ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் குடுக்கீரு. ஒரு வாட்டி நீரும் போயிட்டு வாரும்." பாங்காக்குக்கு மட்டும்தான் அந்தச் சலுகை இருந்தது. அதனால் பாங்காக்குக்குப் போனேன்.

முதல் நான்கு நாட்கள் வாழைப்பழமும் ரொட்டியும்தான். எங்கள் வீட்டில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அந்த நகரத்திலோ கீரையைக்கூட மீன் சாற்றில்தான் வதக்குகிறார்கள். மலிவான அறை, ஜன்னல் கிடையாது. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் முதுகில் மூட்டையோடு கூட்டம் கூட்டமாகத் திரிந்தார்கள். நான் மட்டும் அலுவலகத்துக்குப் போகிறவன் மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு தனியாக நடந்தேன். ஐந்தாம் நாள் அயுத்தயா என்ற பெயரைப் பார்த்து, அது நம் அயோத்தியின் பெயர்தான் என்ற ஒரே காரணத்துக்காக மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறினேன். ஸ்டேஷனுக்கு எதிரே படகில் ஆற்றைக் கடந்தால் கரையோரமாகக் கால்களின்மேல் நிற்கும் ஒரு மரவீடு. நான்கு அறைகளை என்னைப் போன்ற காசில்லாதவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள் அந்த வீட்டுக்காரி. நாற்பது வயதிருக்கும். கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை.

அங்கே தன்னைவிட மூத்தவர்களைப் 'பீ' என்று கூப்பிட வேண்டும். அண்ணனும் பீதான், அக்காவும் பீதான். அப்படிக் கூப்பிடாவிட்டால் மரியாதை தெரியாதவன். தமிழ் நாக்கு உள்ளவர்களுக்கு என் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. சோறு போடுகிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அக்கா" என்றேன். அர்த்தம் கேட்டாள். உங்கள் ஊர்ச் சொல்லுக்கு எங்கள் ஊர்ச் சொல் என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போய், மற்ற அறைக்காரர்களும் அப்படியே கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஒரு ஜெர்மன்காரன் "அக்கா, வெந்நீர்" என்று கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். என்னை அவள் 'நோங்' என்றாள். தம்பி என்று அர்த்தம். அவளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம், எனக்குப் பத்துப் பதினைந்து தாய்ச் சொற்கள். அதை வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு பேசினோம் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

சைவம் என்பதற்கு அங்கே 'ஜே' என்பார்கள். நான் ஜே என்று தெரிந்த அன்று அக்கா படகேறிப் போய் அந்தச் சட்டியையும் ஒரு கரண்டியையும் வாங்கி வந்தாள். ஜேக்காரர்களின் நிறம் மஞ்சளாம். வேறு யாரும் தெரியாமல் எடுத்து மீன் சாற்றை ஊற்றிவிடக் கூடாதென்று மஞ்சள் துணியைக் கிழித்துக் கட்டினாள். அதில் எனக்கு என்னவெல்லாம் சமைத்தாள்! தேங்காய்ப்பாலில் சுண்டைக்காய் போலப் பச்சைக் காய்கள் மிதக்கும் குழம்பு. அதில் நாரத்தை இலை மணம். அம்மா இருமலுக்குத் தட்டிப்போடும் அரத்தையை அங்கே காய் மாதிரி நறுக்கிப் போடுகிறார்கள். பப்பாளிக் காயைச் சீவி, புளியும் மிளகாயும் வேர்க்கடலையுமாக உரலில் இடித்த ஒன்று. ஒருநாள் துளசியைக் கைநிறையப் பறித்துக் காய்ந்த எண்ணெயில் மிளகாயோடு போட்டு வதக்கினாள். பெருமாளுக்குச் சாத்துகிறதை இப்படி வதக்குகிறாளே என்று எனக்குப் பதறியது. சாப்பிட்டுப் பார்த்தேன். மறுநாளும் அதையே கேட்டேன்.

ஆனால் நான் இரண்டு நாளுக்கென்று போய்ப் பன்னிரண்டு நாள் தங்கியது சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. முதல் நாள் நான் தட்டை எடுத்துக்கொண்டு, வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அக்கா வந்து பார்த்தாள். அவள் சாப்பிட்டு முடித்தாகிவிட்டது. இருந்தும் ஒரு தட்டில் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரே அமர்ந்து, கறிக் கிண்ணத்தை நடுவில் வைத்தாள். "தனியா நல்லா இல்ல" என்றாள். அதற்குப் பிறகு ஒருவேளைகூட என்னைத் தனியாகச் சாப்பிட விடவில்லை. என்னை மட்டுமல்ல, யாரையும் விடவில்லை. அறைக்குள் எடுத்துப்போய்ச் சாப்பிட நினைத்தவர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஊர் திரும்பிய அன்று மெஸ்ஸில் அதே பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுதேன் என்றே சொல்லலாம்.

இரண்டு வருஷம் கழித்து, புத்தகயாவுக்கு யாத்திரை வருவதாகவும் அப்படியே என்னைப் பார்க்க வருவதாகவும் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். சட்டி விஷயம் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மீன் சாப்பிடறவாளைக் கூடத்துல உட்கார வைக்க முடியாதுடா. அதுக்காகப் பட்டினியா போடப்போறேன்? நன்னா பண்ணிப் போடறேன். அவாளுக்குன்னு புதுசா ஒரு தட்டும் டம்ளரும் வாங்கிண்டு வா. பேர் வெட்டிண்டு வந்துடு, மத்ததோட கலந்துடப்படாது." அம்மாவோடு சண்டை போட எனக்குத் தெரியாது. அக்காவோடு ஒருவேளையாவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும், பின்கட்டானாலும் சரி என்று மட்டும் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன்.

பாத்திரக்கடை அண்ணாச்சி என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கேட்டார். அக்கா என்று சொன்னேன். "கூடப் பொறந்த அக்காளுக்கா? சீருன்னா பக்கத்துல ஒரு பூவும் போட்டுத் தாரேன் வே." நான் தலையாட்டினேன். சிறு உளியால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக மூன்று எழுத்தும் ஒரு பூவும் போட்டுக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் வந்தபோது, இது சீர்தானே, அக்காவுக்குத்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு வந்தேன்.

அக்கா மூன்று நாள் இருந்தாள். கிணற்றடியை ஒட்டிய பின்கட்டுத் தாழ்வாரத்தில் அவளுக்குப் பாய். அம்மா விடியற்காலையில் குளித்துத் தளிகை தொடங்கிவிடுவாள். தேங்காய்ப்பால் சொதி, அவியல், புளியோதரை, திருக்கண்ணமுதுப் பாயசம் என்று எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குக்கூட அப்படிப் பண்ணியதில்லை. தட்டில் படாமல் உயரத்திலிருந்து பரிமாறுவாள். ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றுகிற வித்தை அது என்று நினைத்து அக்கா அதிசயித்தாள். தட்டில் வெட்டியிருந்ததைக் காட்டி என்ன என்று கேட்டாள். வாசித்துச் சொன்னேன். அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கிவிட்டது. "நான் உனக்குச் சட்டி வச்சேன். உங்கம்மா எனக்குத் தட்டு வச்சாங்க. ரெண்டும் ஒண்ணுதான். அம்மாகிட்ட சொல்லு" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். "சாப்பாடு ரொம்ப நன்னா இருக்காம்" என்று சொன்னேன். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல் என்றாள்.

ஒவ்வொரு வேளையும் அக்கா தன் பக்கத்துத் தரையைத் தட்டி என்னைப் பார்ப்பாள். நான் தூணோரம் நின்றுகொண்டு, பிறகு சாப்பிடுகிறேன் என்று கையைக் காட்டுவேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தடுத்து ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தால் முகம் சுண்டியிருக்கும், அன்று சாயங்காலம் வரை பேசாமல் இருந்திருப்பாள், அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த அவ்வளவுக்குப் பயந்துகொண்டு, அடுத்த வேளை, அடுத்த வேளை என்று மூன்று நாளையும் கழித்தேன். அக்கா சாப்பிட்டு எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைத்த பிறகு, கூடத்தில் இலை போட்டு நான் தனியாகச் சாப்பிட்டேன்.

புறப்படும்போது அம்மா தட்டையும் டம்ளரையும் துடைத்து, எட்டவே வைத்தாள். "அவாளே எடுத்துண்டு போகட்டும். இங்க அது யாருக்கு ஆகும்?" அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அக்கா அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவைக் கும்பிட்டாள். அம்மாவுக்கும் அழுகை வந்தது. அது பொய் அழுகை இல்லை. இதைச் சொல்லாவிட்டால் அம்மாவுக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா கம்பி வழியாகக் கேட்டாள்: "நோங், மூணு நாளும் ஏன் எங்கூட உட்காரல?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் இருந்தது. நான் சொன்னது இது: "எங்க ஊர் மரியாதை அக்கா. விருந்தாளி தனித் தட்டுல சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வீட்டுக்காரங்க உட்காரமாட்டோம்." "அப்போ நான்தான் மரியாதை தெரியாம உன்கூடவே உட்கார்ந்து தின்னேனா" என்றாள். வெட்கத்தோடு சிரித்தாள். நான் இல்லையென்று தலையாட்டுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ரயில் அதற்குப் பிறகும் ஐந்து நிமிஷம் நின்றது. நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

மழைக்காலத்தில் கடிதம் வந்தது. தங்கை மகளை வைத்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டதை இங்கே நடத்துகிறேன் என்று ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தட்டு வாங்கிவிட்டாளாம். வருகிறவர்களை அவரவர் தட்டோடு தனித்தனியே உட்கார வைத்து, அவர்கள் முடிக்கும்வரை அம்மாவைப் போலவே அடுப்படி வாசலில் நிற்கிறாளாம். முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது என்று எழுதியிருந்தாள். ஏனோ முன்னைப்போல் யாரும் அதிக நாள் தங்குவதில்லை, அது மட்டும்தான் புரியவில்லை என்று கடைசியில் ஒரு வரி. நான் பதில் போட்டேன். அம்மா சௌக்கியம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, கோயிலில் திருவிழா நன்றாக நடந்தது என்று ஒரு பக்கம் எழுதினேன். அக்கா, நீங்கள் செய்ததுதான் சரி, போய் அவர்களோடு உட்காருங்கள் என்று எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பிறகு கடிதங்கள் மெல்லக் குறைந்து நின்றுபோயின.

அம்மா போய்ப் பல வருஷமாகிறது. வேலையும் முடிந்து ஆழ்வார்திருநகரிக்கே வந்துவிட்டேன். கல்யாணம் கடைசிவரை கூடி வரவில்லை. இப்போது இந்தக் கூடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்துச் சோறு போடலாம், கேட்க ஆள் கிடையாது. வருகிறவர்கள்தான் இல்லை. அடுப்பங்கரையிலேயே தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன். எனக்கு இது பழகிப்போனதுதான், புகார் இல்லை. ஆனால் சில நாள் சோற்றில் கை வைத்தவுடன் அந்த ஆற்றங்கரை வீடு நினைவுக்கு வந்துவிடும். எங்கிருந்தோ வந்த ஒருவன், பாஷை தெரியாதவன், தன் தட்டோடு தனியாக உட்கார்ந்திருப்பான். அக்கா அடுப்படி வாசலில் நிற்பாள். அவளுக்கும் பசிக்கும். நான் சொல்லிக்கொடுத்த மரியாதைக்காக உட்காராமல் நிற்பாள்.