கமராவுக்கு வந்த வருத்தம்

கத்தரீனாவின் தகப்பனும் அண்ணைமாரும் குருநகரில் கடலுக்குப் போகிறவர்கள். அவளுக்குப் படகில் கால் வைத்தாலே தலை சுற்றும். அதனால் கணினி வலைப்பின்னல் படித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன இணையக் கொம்பனியில் சேர்ந்தாள். "நானும் வலைத் தொழில்தான்" என்று தகப்பனைச் சீண்டுவாள்.

போன வைகாசியில் ஒருநாள் முகாமையாளர் சுபாஸ் அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கடை ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திலையிருந்து ஏதோ வெளிநாட்டு இணையத்தளங்களைத் தாக்குதெண்டு முறைப்பாடு வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ளை நிப்பாட்டாட்டி சங்கத்தின்ரை இணைய லைனை வெட்டச் சொல்லி மேலிடத்திலை சொல்லிப்போட்டினம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் விளங்கியது. எங்கோ இருக்கிற ஒருவன் ஊர் ஊராக உள்ள கருவிகளுக்குள் கள்ள மென்பொருளை நுழைத்துவிடுவான். அவன் சொன்னதும் அவையெல்லாம் சேர்ந்து ஏதாவதொரு தளத்தின்மேல் விழுந்து முடக்கும். பொட்நெட் என்பது அதுதான். சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

சங்கத்தில் எழுதுவினைஞர் லூர்த்தம்மாவின் பழைய கொம்பியூட்டர்தான் கத்தரீனாவின் கண்ணில் முதலில் பட்டது.

"அக்கா, உங்கடையிலைதான் வருத்தம் போலை. கள்ள மென்பொருள் பூந்திட்டுது."

லூர்த்தம்மாவின் முகம் சிவந்தது. "நான் ஒரு கண்டறியாத படமும் பாக்கிறேல்லை, பிள்ளை!"

கத்தரீனா அதை அடியோடு துடைத்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள். லூர்த்தம்மா அன்று அவளுக்குத் தேத்தண்ணிகூட ஊற்றவில்லை. அடுத்த நாளும் முறைப்பாடு வந்தது.

இந்த முறை கத்தரீனா மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனாள். எல்லாக் கொம்பியூட்டரையும் நிறுத்திவிட்டு, லைனில் என்ன போகிறது என்று தன் மடிக்கணினியில் பார்த்தாள். ஆளில்லாத சங்கக் கந்தோரிலிருந்து, முன்பின் தெரியாத முகவரிகளுக்கு ஏதோ ஒன்று ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நீல வயரை இழுத்ததும் எல்லாம் அடங்கியது.

அந்த வயர் சுவரோடு ஓடி, தலைவர் எமில்ராஜின் அறைக்குள், அவருடைய மேசைக்குக் கீழே இருந்த கமராப் பதிவுப் பெட்டியில் போய் முடிந்தது.

எமில்ராஜ் சாப்பிட்டுவிட்டு வரும்வரை கத்தரீனா அங்கேயே காத்திருந்தாள். அவர் ஆசை ஆசையாகத் தானே வாங்கித் துறையில் பூட்டிய கமராவின் பெட்டி அது. கனடாவில் இருக்கிற ஊர்ச்சனம் இறங்குதுறையைப் பார்க்கவேண்டுமென்று அதை இணையம் வழியாக வெளியுலகுக்குத் திறந்துவிட்டிருந்தார்.

"அண்ணை, உதின்ரை பாஸ்வேட் என்ன?"

"பெட்டியோடை வந்ததுதான். ஏன் மாத்துவான்?"

"அந்தப் பாஸ்வேட் உலகத்திலை எல்லாக் கள்ளருக்கும் பாடம், அண்ணை. அதாலைதான் உள்ளுக்கை வந்திருக்கிறாங்கள்."

எமில்ராஜ் நம்பவில்லை. கத்தரீனா நீல வயரைக் கொழுவி, பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டுக் காட்டினாள். உள்ளே இருந்தது அழிந்து, திரை அடங்கிக் கிடந்தது. எமில்ராஜ் வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைப்பதற்குள் ஆரோ பழையபடி புகுந்துவிட்டான். மடிக்கணினித் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.

"அட நாசமறுப்பான்!" என்று அவர் கதிரையை விட்டு எழும்பினார். "என்ரை மேசைக்குக் கீழையோ?"

அவள் பெட்டியைக் கழுவித் துடைத்ததுபோல் ஆக்கினாள். புதுப் பாஸ்வேட் போட்டு, வெளியுலகுக்குத் திறந்திருந்த வழியைச் சாத்தினாள். அதன்பிறகு முறைப்பாடு வரவில்லை. ஆனால் எமில்ராஜின் தொலைபேசி ஓயவில்லை. ரொறன்ரோவிலிருந்து அவருடைய தங்கச்சி வசந்தினி, "அண்ணை, கடலைக் காணேல்லை! புயலோ?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். கத்தரீனா கனடாக்காரருக்கெனப் பாதுகாப்பான வேறொரு வழியை அமைத்து, ஆளுக்கொரு பாஸ்வேட் கொடுத்தாள்.

பிறகு லூர்த்தம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, உங்களிலை பிழையில்லை. நான் அவசரப்பட்டிட்டன்."

"அதை எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

கத்தரீனா யன்னலடியில் நின்று, அதையே துறைவரைக்கும் கேட்கக் கத்தினாள். கரையில் வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். லூர்த்தம்மா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டை வா. நண்டுக்கூழ் காய்ச்சிறன்" என்றாள்.




"ஓம் அக்கா, கட்டாயம் வாறன்" என்றாள் கத்தரீனா.