விமானப் புத்தகத்தின் ஓரங்களில்

தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பழைய தாள்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் சின்ன ஆபீஸில் வேலை. நிலப் பத்திரம், கல்யாண ஆல்பம், மூடிப்போன கம்பெனியின் வரைபடம் என்று எது வந்தாலும் செய்வோம். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே பதினோரு புத்தகங்கள், எல்லாம் விமானிகளுக்கான கையேடுகள்.

ரிட்டயர்டு விமானப்படை அதிகாரி ஒருவர் அனுப்பியிருந்தார். நாலு புத்தகங்கள் இரண்டு இன்ஜின் வைத்த பயிற்சி விமானத்துக்கு. மீதி, டகோட்டா என்ற பழைய சரக்கு விமானத்துக்கு. அதற்கும் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின். புத்தகங்களை ஒரு மியூசியத்துக்குக் கொடுக்கப்போகிறாராம். பெட்டிக்குள் ஒரு சீட்டும் இருந்தது: ஓரத்தில் உள்ள பென்சில் கிறுக்கல்களை நீக்கிவிட வேண்டும்.

நீக்குவது என் வேலை. படத்தில்தான் அழிப்போம், தாளைத் தொடமாட்டோம். முதல் புத்தகத்தில் முப்பது பக்கம் வரை யோசிக்காமல் அழித்தேன். டிக் குறிகள், இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழில் அர்த்தம். தமிழ் என்று கண்ணில் பட்டது, ஆனால் நின்று படிக்கவில்லை. மாலை ரயிலுக்குள் முடிக்கவேண்டிய பக்கங்கள் நிறைய இருந்தன.

அடுத்த பக்கம், காற்று கொந்தளிக்கும்போது விமானத்தை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றியது. பக்கவாட்டில் நெல் அளவு எழுத்தில் இப்படி இருந்தது: "எங்க ஊர்ல சுரங்கத்துல பாறை வெடிச்சா வூடு இப்டிதான் ஆடும். பாத்திரம்லாம் கீழ வுழும். சொன்னா இவரு சிரிக்கிறாரு."

மௌசைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுச் சமையலறைப் பலகையிலிருந்து டம்ளர்கள் அப்படித்தான் உருண்டு விழுந்தன. இதை எழுதியவள் எங்கள் ஊர்க்காரி.

அழித்த முப்பது பக்கங்களையும் மறுபடி ஸ்கேன் செய்தேன். மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஒவ்வொரு புத்தகமாகப் படிக்க ஆரம்பித்தேன். தன் கணவர் பாடம் ஒப்பிக்கும்போது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தவள் அவள் என்பது மெல்லப் புரிந்தது. கிளம்புமுன் பார்க்கவேண்டியவை என்ற பட்டியலில் வரிக்கு வரி டிக் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: "இன்னிக்கு ஒரு தப்பு. வால் சக்கரத்த பூட்ட மறந்துட்டாரு. நான் எடுத்து குடுத்தேன்."

பயிற்சி விமானப் புத்தகங்களில் இப்படிச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது. டகோட்டா புத்தகங்களுக்கு வந்தபோது எழுத்து மாறிவிட்டது. கணவர் அசாம் பக்கத்தில் ஒரு தளத்தில் இருந்து, மலைமேல் இருக்கும் ராணுவக் காவல் நிலைகளுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்ப் போடும் வேலையில் இருந்திருக்கிறார். ஒப்பிக்க ஆள் இல்லாத வீட்டில் அவள் தனியாக அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். ஒரு இன்ஜின் நின்றுபோனால் என்ன செய்வது என்ற அத்தியாயத்தில்: "ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு தாங்குமாம். எவ்ளோ நேரம் தாங்கும்னு சொல்லல." உயரமானி பற்றிய பக்கத்தில்: "அப்பா தெனம் கீழ போறாரு. இவரு மேல போறாரு. நான் நடுவுல காத்துகினு இருக்கேன்."

கடைசிப் புத்தகத்தின் பின் அட்டைக்குள்ளே, அச்சே இல்லாத வெள்ளைத் தாளில் நாலு வரி. "மாரிகுப்பம் போயி மூணு வருஷம் ஆவுது. கேட்டா அடுத்த மாசம்னு சொல்றாரு. லீவு குடுக்கலையாம். இனிமே கேக்க மாட்டேன்." மாரிகுப்பம் எங்கள் சுரங்க வட்டாரத்தில்தான் இருக்கிறது.

என் கணவர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அடுத்த லீவு எப்போது என்று கேட்பதை நான் விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேட்டால் அவருக்குச் சங்கடம், பதில் கேட்டால் எனக்கு. அன்று மாலை ரயில் பங்காருப்பேட்டை தாண்டியதும், கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். "இன்னா திடீர்னு?" என்றார். "ஒண்ணும் இல்ல, கேக்கணும்னு இருந்துது" என்றேன். "எனக்கும்தான் வரணும்னு இருக்குது" என்றார் அவர்.

மறுநாள், பெட்டிக்குள் இருந்த சீட்டில் கண்ட எண்ணுக்கு அழைத்து, அந்த அதிகாரியிடம் கன்னடத்தில் சொன்னேன். "சார், ஓரத்தில் இருப்பது கிறுக்கல் இல்லை. எழுத்து."

"தெரியும். என் மனைவி இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் எழுதிவைப்பாள். அவள் போய் எட்டு வருஷமாகிறது. மியூசியத்தில் அதெல்லாம் எதற்கு?"

"அர்த்தம் மட்டும் இல்லை சார். நிறைய எழுதியிருக்கிறார். மாரிகுப்பத்தைப் பற்றிக்கூட இருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான், கோரமண்டல்."

அவர் சட்டென்று தமிழுக்கு மாறினார். எங்கள் தெருவில் கேட்கும் அதே தமிழ். "எனக்கு பேச வரும்மா. அவ கத்துக்குடுத்தா. படிக்க வராது. இன்னா எழுதி இருக்குறா?"

போனில் படிக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை புத்தகங்களோடு அவர் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர், நிமிர்ந்த முதுகு. சட்டையை இஸ்திரி போட்டு, கூடத்தில் நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். வால் சக்கரத்துக்குச் சத்தமாகச் சிரித்தார். இன்ஜின் பக்கத்துக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின் அட்டைக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். புத்தகத்தை மூடிவிடலாம் என்று இருந்தது.

"இன்னாம்மா, இன்னும் இருக்குதா?"

"இருக்குது சார்."

"படி."

படித்தேன். அவர் கை நீட்டிப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க கல்யாணத்துக்கு ஒரு தடவ அங்க போனேன். அவ்ளோதான்" என்றார். "ரிட்டயர் ஆகி இங்க வந்தப்புறம் அவ கேக்கவே இல்ல. அவங்க அப்பா அம்மா போயிட்டாங்க, தம்பிங்க வேற வேற ஊர்ல. அங்க யாரும் இல்ல, அதான் கேக்கலன்னு நெனச்சேன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ தெனம் போற ரயிலு அங்க போவுதா?"

"மாரிகுப்பம்தான் சார் கடைசி ஸ்டேஷன்."

அடுத்த சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள் முடிந்ததும் என்னோடு ரயில் ஏறினார். திரும்பக் கூட்டிப்போக மகன் கார் அனுப்புவதாக ஏற்பாடு. நான் கோரமண்டலில் இறங்காமல் அவரோடு கடைசிவரை போனேன். இறங்கியதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டரை மணி நேரம் கூட ஆவல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மாமனார் வீட்டு நம்பர் அவருக்குத் தெரியவில்லை. வாசலில் நின்றால் எதிரே சயனைடு மேடு தெரியும் என்பது மட்டும் நினைவிருந்தது. சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய சுரங்க மண் மலையாக நிற்கும் மேடு அது. சுரங்கத் தொழிலாளர் வீடுகளின் அந்த வரிசையில் எந்த வாசலில் நின்றாலும் அது தெரியும். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை நடந்தோம். சில வீடுகள் பூட்டிக் கிடந்தன, சிலவற்றின் முன்பக்கத்தை நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று மேட்டைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். கடைசியில் எது என்று தெரியாமலே நின்றார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கவனித்துவிட்டுக் கேட்டார். "யாரு வோணும் ஐயா?"

"யாரும் இல்லம்மா. எங்க வூட்டுக்காரி ஊரு இது. இந்த லைன்ல எதோ ஒரு வூடு."

"அவங்க வரலியா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

அந்தப் பெண்மணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்டின்னா இந்த ஊரு மாப்ளதானே நீங்க? மாப்ள இன்னாத்துக்கு வெளிய நிக்கணும்? உள்ள வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். செருப்பைக் கழற்றி, வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்ளாமல் குனிந்து உள்ளே போனார். அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போடப் போனார். அவர் உட்கார்ந்து, முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன அறையின் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கார் வந்து வெளியே ஹாரன் அடித்தது. கொஞ்சம் இருக்கட்டும் என்பதுபோல எனக்குக் கையைக் காட்டினார். நான் வெளியே போய் டிரைவரிடம் சொன்னேன்.