கொல்லை வாசல் இல்லாத வீடு

எங்கள் தெருவில் முதல் கல்வீட்டைக் கட்டியவன் என் அண்ணன். நானும் சேர்ந்துதான் கட்டினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் நான் கொஞ்சம் செங்கல் சுமந்தேன், அதைவிட நிறையச் சண்டை போட்டேன்.

திருப்பனந்தாளிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாய்க்கால் கரையில் எங்கள் தெரு. அப்பாவும் அம்மாவும் பண்ணையாட்கள். குடிசை நின்ற மண்கூட மிராசுதாருடையது. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். அப்புறம் தெருவில் சங்கத்துச் செங்கொடி ஏறியது. அறுவடை நின்றது. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள், பின்னாலேயே போலீஸும் வந்தது. அந்த வருஷங்களில் அப்பா பாதி நாள் வீட்டில் இல்லை; பிறகு ஒரேயடியாக இல்லாமல் போனார். ஆட்சி மாறிச் சில வருஷம் கழித்து, குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. பட்டாவை அம்மா மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப்பானைக்குள் போட்டு வைத்தாள். பெரும்பாலான நாள்களில் அதைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது, பானையில் அது மட்டும்தான் இருக்கும்.

அண்ணன் வயல் வேலைக்குப் போகவில்லை. கும்பகோணத்தில் ஒரு கோபுரத் திருப்பணியில் சுண்ணாம்புச் சாந்து சுமக்கப் போனான். சாரத்தில் நின்று சுதைவேலைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து, கரண்டி முனையால் ஒரு தாமரை போடக் கற்றுக்கொண்டான். அந்த ஒரு தாமரையோடு மெட்ராசுக்கு ரயிலேறினான். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். மூன்றாம் மாடியில் ஒரு வாசலுக்கு மேலே, யாரும் கேட்காமலே, மிச்சமிருந்த சிமெண்டில் தாமரையைப் போட்டுவிட்டான். மேஸ்திரி கன்னாபின்னாவென்று திட்டினாராம். குடிவந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பால்கனிச் சுவரிலும் ஒன்று போட்டுத்தரச் சொன்னாளாம். எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அந்தப் படிக்கட்டு முழுக்க எங்கள் பக்கத்துக் கோபுரத்துத் தாமரைதான் என்று அண்ணன் பீற்றிக்கொள்வான். நான் நம்பவில்லை. பின்னாளில் போய்ப் பார்த்தபோது எண்ணினேன், பதினொன்று இருந்தது. ஒன்று மட்டும் கோணல்.

வீடு கட்ட ஊருக்கு வந்தவன், தரையில் குச்சியால் படம் கீறினான். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. வாசல் ஒன்றே ஒன்று, தெருவைப் பார்த்து.

அம்மா அந்தக் கோடுகளைச் சுற்றிச்சுற்றி வந்தாள். கொல்லை வாசல் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றான். கொல்லை வாசல் இல்லாமல் ஒரு கல்வீடா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமெல்லாம் இல்லை, கோபம். புகை எப்படிப் போகும், கழுநீரை எங்கே ஊற்றுவது, கோழி எந்த வழியாக வரும், விருந்தாளி தலைக்கு மேலேயா என்று பிடித்துக்கொண்டேன். பட்டணத்துக்குப் போய்ப் புத்தியைத் தொலைத்துவிட்டு வந்தவன் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். பக்கத்து வீடுகளிலும் எனக்குத்தான் ஓட்டு. அவனோ காதில் வாங்காமல் சுவரை எழுப்பிக்கொண்டே இருந்தான்.

பின்சுவர் ஆளுயரம் வந்த அன்று, கலவைச் சட்டியை அவன் காலடியில் நங்கென்று வைத்து, இப்போதாவது ஒரு வழி விடு என்றேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“மெட்ராஸ்ல மேல் மாடியில ஒரு ஆபீசர் இருக்காரு. அவரு வர்றதும் ஒரே வாசல்தான், அவங்க வூட்டுல பாத்திரம் தேய்க்கிற அம்மா வர்றதும் அதே வாசல்தான். வேற வழி கட்டவே இல்ல. நான் அந்த ஊருக்குத் தாமரையக் குடுத்தேன், அங்கேருந்து இத எடுத்துட்டு வந்துருக்கேன். கொல்ல வாசல் வச்சேன்னு வையி, அம்மா அது வழியாத்தான் வரும்.”

அம்மா முப்பது வருஷம் மிராசுதார் வீட்டில் நெல் புடைத்தவள். மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, கொல்லை வழியாகப் போய், கொல்லை வழியாகவே திரும்புவாள். அந்த வீட்டின் முதுகைத்தான் அவளுக்குத் தெரியும். குடிசைக்குள் குனிந்து நுழைவது வேறு கணக்கு. கல்வீடு என்றால் அவளுக்குக் கொல்லைப்புறம்தான். இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்கு அது உறைக்கவில்லை. எங்கேயோ இருந்தவனுக்கு உறைத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பிறகு கோழியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

நிலை வைத்துக் கதவு மாட்டிய பிறகு, பால் காய்ச்சும் நாள்வரை யாரும் உள்ளே போகவில்லை. அன்று காலை மாவிலை கட்டி, கோலம் போட்டு, தெருவே கூடி நின்றது. அம்மா புதுப்புடவை கட்டி, பால்செம்போடு வந்தாள். அண்ணன் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான்.

அம்மா கோலத்தின் பக்கத்தில் வந்தாள். உள்ளே நுழையாமல் திறந்த கதவைக் கடந்தாள். சுவரோரமாகவே நடந்து வீட்டின் பின்னால் போய்விட்டாள்.

யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. கொல்லை வாசல் இல்லை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டவளே அவள்தான். தெரியாமல் போகவில்லை; கல்வீட்டைக் கண்டதும் கால் அதுபாட்டுக்குப் போயிருக்கிறது. பின்சுவர் முழுக்கச் சுற்றி, மறுபக்கம் வெளிப்பட்டு, மறுபடியும் முன்வாசலில் வந்து நின்றாள். செம்பில் பால் தளும்பியது. சிரிக்கிற தெருதான் எங்கள் தெரு, அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா வலது காலைத் தூக்கினாள். நிலைப்படியைத் தாண்டினாள். உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தாள். நான் தீயை மூட்டினேன். அவள் கூடத்து நடுவில் நின்று, வெளிச்சம் வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனிடம் கேட்டாள்.

“இன்னொரு வாட்டி வரட்டுமாடா?”

“ஒன் வூடும்மா. எத்தன வாட்டி வேணுமோ வா.”

அவள் தெருவுக்குப் போனாள். திரும்பி, நிமிர்ந்து, உள்ளே வந்தாள். மறுபடியும் போனாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன். பால் பொங்கி வழிந்தபோது அம்மா மூன்றாவது தடவையாக வெளியே போயிருந்தாள். அவளைக் கூப்பிட எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.