வலது முழங்கால்

அந்த விளையாட்டின் பேரைக்கூட வரலட்சுமிக்குச் சரியாகச் சொல்ல வராது. மெட்ராஸில் கோல்ஃப் ஆடுகிற பெரிய மனிதர்களுக்கு மட்டைப் பை சுமக்கிறான் அவள் புருஷன் வேதாசலம். இவள் திருத்தணியில் தறியோடு கிடக்கிறாள். கல்யாணமானதிலிருந்து ஒரு தீபாவளிகூட அவனோடு முழுசாக இருந்ததில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் பை சுமக்கிறவர்களுக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயித்தவனுக்கு அந்த கோல்ஃப் கிளப்பிலேயே பயிற்சியாளரிடம் வேலை. "தோத்தா அன்னிக்கு சாயங்கால வண்டிக்கே மூட்டையோட வந்துடறேன். அப்புறம் தறிதான்" என்று அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

லீவில் வந்து நந்தியாற்று மணலில் பழகினான். அவள் சோறு கொண்டுபோனாள். ஒரு பந்தாவது நேராகப் போகவேண்டுமே! பிடியைக் குறை சொன்னான், மட்டையைத் திட்டினான், பாவம், காற்றையும் விட்டுவைக்கவில்லை. அவளுக்கோ பார்த்ததுமே விளங்கிவிட்டது. சின்ன வயசிலிருந்து குழிக்குள் கால்விட்டு மிதித்து நெய்கிற குழித்தறியில் உட்கார்ந்தவன். கை வேலையைத் தொடங்கினாலே கால் மிதிகட்டையைத் தேடும். மட்டை மேலே எழும்போதெல்லாம் வலது முழங்கால் அழுந்தி வெளியே சரிந்தது. இடுப்புக்குக் கீழே அவன் இன்னும் தறியில்தான் இருந்தான். சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொல்லாவிட்டால் புருஷன் வீட்டுக்கு வருவான். அப்படி ஆசைப்படுவது ஒரு குற்றமா?

"இன்னாமே, பாத்துகினே நிக்கற?"

"ஒண்ணுமில்ல பாவா. சாப்புடு."

அதற்குப் பிறகு அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

போட்டியன்று காலை ஸ்டேஷனுக்குக் கூடவே போனாள். வண்டியேறி ஜன்னலோரம் உட்கார்ந்தவன் தன் கைகளையே வெறித்துக்கொண்டிருந்தான். தோற்கப்போகிறவன் முகம். இந்த முகத்தைத்தான் இனி சாகும்வரை எதிரே வைத்துக்கொண்டு நெய்யப்போகிறோம் என்று நினைத்ததும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விசில் ஊதிவிட்டது.

"பாவா! கோளாறு கையில இல்ல, கால்ல! மட்டையத் தூக்கும்போது வலது காலு தறி மிதிக்குது!"

"இன்னா?"

வண்டி நகர்ந்தது. அவளும் கூடவே ஓடினாள். "தறி மிதிக்குது பாவா! அந்த முட்டிய அசைய வுடாத. மண்ணுல பொதைச்ச மாதிரி நில்லு!"

அவன் குனிந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். "எப்போ பாத்த?"

"அன்னிக்கே... ஆத்துல."

அதற்குள் வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிவிட்டது.

சாயங்கால வண்டிக்கு முன்பே வந்து நின்றாள். மலைக்கு மொட்டை போட வந்த கூட்டம் இறங்கியது. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். கார்டு பச்சைக் கொடி காட்டினார், வண்டி கிளம்பியது. வேதாசலம் இறங்கவில்லை.

ஜெயித்துவிட்டான். வரலட்சுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.